சும்மா படுத்திருக்கும் நாய்க்கும் பரிசு

வீட்டு நாய் குரைத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மூலையில் சும்மா படுத்திருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. கவனிப்பே நாய்க்குப் பரிசு என்பதால், அதட்டல்கூடக் குரைப்பை வளர்த்துவிடக்கூடும். அமைதிப் பயிற்சி இதைத் தலைகீழாக்குகிறது. நாய் தானாகப் படுக்கும்போது, ஆரவாரமில்லாமல், சிறு தீனித் துண்டு ஒன்றை அதன் முன்னங்கால்களுக்கு இடையே வைக்க வேண்டும். உற்சாகமாகப் பாராட்டினால் எழுந்துவிடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கேரன் ஓவரால் வகுத்த தளர்வுப் பயிற்சி 15 நாள் நீள்கிறது: முதலில் சில நொடி அமர்தல், பிறகு கைதட்டல், ஆள் விலகிப் போதல், அழைப்பு மணி. கவனிப்புக்காக மேலே தாவும் நாயைப் பொருட்படுத்தாமல் விட்டால் தாவல் முதலில் கூடும், பிறகுதான் குறையும். இடையில் யாராவது செல்லம் கொடுத்துவிட்டால் (பெரும்பாலும் தாத்தாதான்) பழக்கம் முன்னைவிட வேரூன்றும்.