மூன்றெழுத்துக்குள் ஒளிவது

ஆம்பூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்றுண்டு: "போர் தண்ணி டி.டி.எஸ். எவ்ளோ வருது?" கேட்பவர் வேதியியல் படித்திருக்க மாட்டார். அந்த மூன்றெழுத்தை விரித்துச் சொல்லவும் தெரியாது. ஆனால் எண்ணைச் சொன்னால் போதும், குடிக்கலாமா, குளிக்க மட்டும்தானா, பருப்பு வேகுமா என்று சொல்லிவிடுவார். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்கிறது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த ஆவணம் தேவைப்படவில்லை. நாக்கே போதும்.

தோல் ஷாப்புக்குள் போனால் வேறொரு அகராதி. ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளில் பதனிட்டது ஈ.ஐ., அதாவது ஈஸ்ட் இந்தியா. குரோமில் பதனிட்டு ஈரத்தோடு நீலமாகக் கிடப்பது வெட் ப்ளூ. இந்தச் சொற்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. தொழில் ஓட வேண்டுமென்றால் பேச்சு குறுகத்தான் செய்யும். நீலத்தை நீலம் என்று சொல்வதில் என்ன மறைவு இருக்கிறது?

சிக்கல் இசட்.எல்.டி.யில் தொடங்குகிறது. ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ். தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு, கழுவும்போது தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரைச் சவ்வுகளில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கினால் வெளியேறும் நீர் பூஜ்ஜியம்தான். உப்பு? அது எங்கும் போகவில்லை, குவியலாகக் கிடக்கிறது. பெயரில் பொய் இல்லை. ஆனால் கேட்பவர் காதில் 'ஜீரோ' மட்டும்தான் தங்கும்.

பாலாற்றில் படகுக்கு வேலையில்லை. வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். ஆனாலும் பொழுதுபோக்குக்குப் படகோட்டுகிறவர்களின் பேச்சு எனக்கு இங்கே உதவுகிறது. அவர்களிடமும் வெளியாளுக்குப் புரியாத சுருக்கங்கள் நிறைய. உயிர்காப்பு உடையைக்கூட பி.எஃப்.டி. என்பார்கள். ஆனால் ஆபத்து என்று வந்தால் வானொலியில் வருவது 'மேடே'. எனக்கு உதவுங்கள் என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலியிலிருந்து பிறந்தது, மூன்று முறை சொல்ல வேண்டும். அதற்கும் முன்னாலேயே, 1906இல் பெர்லினில் கூடிய நாடுகள் எஸ்.ஓ.எஸ்.ஸை ஏற்றன. அது எதன் சுருக்கமும் அல்ல. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. இரைச்சலிலும் பிடிபடும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தது. முன்பின் தெரியாத ஒருவருக்கும் உடனே புரிய வேண்டும் என்று குறுக்கிய சொற்கள் அவை.

ஆக, சுருக்குவதில் தப்பில்லை. யாருக்காகச் சுருக்கினோம் என்பதுதான் கேள்வி.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் ஒரு சி.இ.டி.பி.யின் தொட்டிச் சுவர் இடிந்தது. பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்பதன் நான்கெழுத்து. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவுச் சேறு பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த நான்கெழுத்துக்குப் பதில் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது, எவ்வளவு நிற்கிறது என்று அவர்கள் மொழியில் யாராவது சொல்லியிருந்தால்? காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே படுப்பது என்பதை அவர்களே யோசிக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அதைக் கொடுக்காததுதான் எனக்கு அறப்பிரச்சினையாகப் படுகிறது.

இன்னொன்று. சுருக்கப்பெயரில் பொருள் இருக்கும், வினை இருக்காது. 'டி.டி.எஸ். அதிகம்' என்கிறோம். யார் கலந்தது என்பது அந்த வாக்கியத்திலேயே இல்லை. 1996இல் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வினையைத்தான் திருப்பிக் கொண்டுவந்தது: கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும். சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. இன்று நாடு முழுக்கச் சட்டம் படிப்பவர்களுக்கு 'வேலூர்' என்பதே ஒரு கோட்பாட்டின் சுருக்கப்பெயர். பாலாற்றங்கரையிலோ, 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இழப்பீட்டுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்க்காரர்கள் டி.டி.எஸ்.ஸை வசப்படுத்தியதில் எனக்குப் பெருமைதான். நிபுணரின் சொல்லைப் பிடுங்கி வீட்டுக்காரரிடம் கேள்வியாக நீட்டிவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அதையே ஆலை வாசலில் நின்று, வினையையும் சேர்த்து, "எங்க தண்ணில இவ்ளோ உப்பு யார் போட்டது?" என்று கேட்கும்போதுதான் அந்த மூன்றெழுத்து முழுசாக நம்முடையதாகும்.