பாதி மலையில் திரும்பலாமா?

வத்திராயிருப்பைத் தாண்டித் தாணிப்பாறையில் வந்து இறங்கும்போது பல நாட்களில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். மேலே சதுரகிரி முகட்டுக்கு அப்பால் மழை கொட்டுவது அடிவாரத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. மாங்கனி ஓடையிலும் சங்கிலிப்பாறையிலும் கணுக்கால் அளவுக்குத் தெளிந்து ஓடும் தண்ணீர் முதலில் கலங்கும். பிறகு சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அதற்குள் கரையேறாதவருக்கு ஓடை மறுபடி வழி விடாது.

2015 மே மாதம், அமாவாசைக்காகச் சதுரகிரி மலைமேல் இருக்கும் சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்கப் போனவர்கள் அப்படித்தான் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கினார்கள். உயிர்கள் போயின. அதன் பிறகு கெடுபிடி கூடியது. அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டிய நாட்களில் மட்டும் அனுமதி, மதியத்துக்கு மேல் ஏறக் கூடாது, இரவில் மலையில் தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. மழை எச்சரிக்கை வந்தால் அந்த நாட்களிலும் தாணிப்பாறையில் வனத்துறையின் கேட் திறக்கவில்லை. 2021-இல் இந்த மலைக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆனது.

சாமி கும்பிட வனத்துறை எதற்கு அனுமதி தர வேண்டும் என்ற கோபம் அடிவாரத்தில் அடிக்கடி கேட்கிறது. அந்தக் கோபத்துக்கு அடியில் இன்னும் ஆழமான ஒரு கேள்வி இருக்கிறது. நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, குடும்பத்தோடு வந்த ஒருவர் பாதி வழியில் திரும்பினால் அது பக்தியில் குறையா? “கூப்பிட்டது அவன், காப்பாற்றவும் அவன் இருக்கிறான்” என்று சொல்லி ஓடைக்குள் கால் வைப்பதுதான் நம்பிக்கையா?

இதற்குத் தமிழ்ச் சைவம் ஒரு பெரிய சாட்சியை வைத்திருக்கிறது. முதுமையில் கயிலை காணப் புறப்பட்ட அப்பர் என்னும் திருநாவுக்கரசரின் கதையைச் சேக்கிழார் சொல்கிறார். காளத்தியில் பிறந்த ஆசை அவரைக் காசிக்கும் அப்பாலும் இழுத்துக்கொண்டு போனது. பாதங்கள் தேய்ந்தன, கைகளால் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தன, மார்பால் ஊர்ந்தார். கடைசியில் உடலைப் புரட்டிப் புரட்டி நகர்ந்தார். முனிவர் வடிவில் இறைவனே எதிரே வந்து, கயிலை மானிடர் சென்று அடையக்கூடியது அல்ல, திரும்பிப் போ என்கிறார். அப்பர் மறுக்கிறார். பிறகு அங்கே ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லும் ஆணை வருகிறது. மூழ்கியவர் எழுந்தது காவிரிக் கரையில், திருவையாற்றில். கயிலைக் காட்சி அங்கேதான் கிடைத்தது.

திருவையாற்றில் அந்தக் காட்சியைக் கொண்டாடும் நாள் ஆடி அமாவாசை. சதுரகிரியில் பெருங்கூட்டம் கூடுவதும் அதே நாளில்தான்.

அப்பர் தானாகத் திரும்பவில்லையே, செத்தாலும் போவேன் என்றல்லவா நின்றார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அவர் பணயம் வைத்தது தம் உடலை மட்டும். தோளில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு பெருகும் ஓடையைக் கடப்பவரோ, அந்தக் குழந்தையையும், தம்மை மீட்கக் கயிறு கட்டி இறங்கப்போகும் தீயணைப்பு வீரரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார். அடுத்தது, ஆணை வந்ததும் அப்பர் கீழ்ப்படிந்தார். பாதி வழியில் நின்றுபோன அந்தப் பயணத்தை எந்தச் சைவரும் தோல்வி என்று சொன்னதில்லை.

எங்கே நிற்க வேண்டும் என்ற இந்தப் பாடம் இமயத்தில் மிகுந்த விலை கொடுத்துக் கற்கப்பட்டது. 1996 ஆகஸ்டில் அமர்நாத் யாத்திரையின்போது அடித்த பனிப்புயலில் 240-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு நிதீஷ் சென்குப்தா குழு, யாத்ரிகர்களின் வயதுக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கப் பரிந்துரைத்தது. பனிக்காலத்தின் கடைசி வாரங்களில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு மலையேறுபவர்களிடமும் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரவுக் குளிரில் இறுகிய பனி வெயில் ஏற ஏற நெகிழ்ந்து சரியத் தொடங்கும். எனவே விடியும் முன்பே கிளம்பி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த நேரம் வந்துவிட்டால், உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தாலும் இறங்க வேண்டும். மேலே போனபின் ஆசை புத்தியை மறைத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆபத்தைக் கண்டு நின்றுவிடுவது இராஜபாளையத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. ஊருக்கு மேற்கே, மலையடிவார ஆற்றங்கரையில் இருக்கும் சாமிக்குப் பெயரே நீர் காத்த அய்யனார். மேலே மழை பிடித்து ஆறு பெருகினால், கோயிலுக்கு ஆற்றைக் கடக்க விடுவதில்லை. காக்கும் தெய்வம் என்று நம்புகிறவர், கலங்கி வரும் ஆற்றையே அந்தத் தெய்வத்தின் முதல் எச்சரிக்கையாக ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? சிவன் மலையாகவும் நீராகவும் இருக்கிறான் என்பது சைவர்களின் நம்பிக்கை. மலையை வணங்கிவிட்டு நீரின் பேச்சை மட்டும் கேட்காமல் போவது, பாதி சாமியைக் கும்பிடுவதாகும்.

தாணிப்பாறையில் அனுமதி கிடைக்காத நாட்களில் சிலர் கேட் முன்னாலேயே சூடம் ஏற்றி, மலையை நோக்கிக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். அவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது. நேர்த்திக்கடன் பாக்கி நிற்கிறது என்ற குற்ற உணர்வும் தெரிகிறது. அந்தக் குற்ற உணர்வை வனத்துறையின் அறிவிப்புப் பலகையால் போக்க முடியாது. கோயில்தான் போக்க வேண்டும். அறநிலையத் துறையும் பூசாரிகளும் சேர்ந்து, அடிவார வழிபாட்டுக்கு முறையான ஓர் இடமும் தீபாராதனையும் ஏற்பாடு செய்யலாம். இங்கே ஏற்றிய சூடத்தோடு நேர்த்திக்கடன் நிறைவேறிவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொல்லலாம். அடுத்த ஆடி அமாவாசைக்கு முன் இதைச் செய்வது கடினமான காரியம் அல்ல.