பொறியும் திரிபும்

பொறி என்னுஞ் சொல் கண் செவி முதலிய ஐந்திற்கும் பெயராகும். மாந்தர் இயற்றிய யந்திரத்திற்கும் பெயராகும். இவ்விருவகைப் பொறியுந் தம்முள் மாறுகொண்டவிடத்து எதனைத் தெளிதல் தகும் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா.

பாலசமுத்திரத்தில் நின்று காண்பார்க்கு மழைநாளிற் பழனிமலைத் தொடர் முகிலுள் மறைதல் கண்கூடு. நிலத்தில் நிற்பார்க்கு அதனால் இடரில்லை. வானவூர்தி செலுத்தும் வலவன் அத்தகைய முகிலுட் புகின், மேல் கீழ் அறியான். உட்செவியிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் மெல்லிய சாய்வை உணரா; நீடித்த திருப்பத்தை நேர்நிலை என்றே உணர்த்தும். அதனால் உடலுணர்ச்சியை நம்பற்க, தொடுவானங் காட்டுங் கருவியை நம்புக என வலவர்க்குக் கற்பிப்பர்.

அக்கருவியே பொய்ப்பின் என் செய்வது? சிறு வானவூர்திகள் பலவற்றில் அதன் சுழற்சக்கரம் காற்றை உறிஞ்சும் பம்பு ஒன்றால் இயங்குவது. பம்பு பழுதுற்றால் சக்கரம் உடனே நில்லாது. வேகங் குன்றிச் சிறிது சிறிதாகச் சாயும். ஐயுற்றவன் ஆராய்வான், திரிபுணர்ந்தவனோ ஆராயான்.

1978 ஜனவரி 1 இரவு, பம்பாயினின்று துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ என்னும் போயிங் 747 இரண்டு நிமிடத்திற்குள் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 213 பேரும் மாண்டனர். வலப்புறந் திரும்பிய ஊர்தி நேரான பின்னரும், தலைமை வலவர்முன் இருந்த கருவி வலச்சாய்வையே காட்டி நின்றது. வெளியே இருண்ட கடல். அவர் அச்சாய்வைத் திருத்தக் கருதி இடப்புறமே திருப்பி ஊர்தியைக் கவிழ்த்தார். துணைவலவரின் கருவி உண்மையே காட்டிற்றென்பர். அவ்வுண்மை அத்துணைக் கொடிதாயிருந்தமையின், தமதும் கெட்டதென அவர் கொண்டார்! நடுவிலிருந்த மூன்றாங் கருவியைப் பொறியாளர் சுட்டியும் பயனில்லை.

ஆராய்ச்சி மன்றம் தலைமை வலவரைக் குறை கூறிற்று. அவரோ கற்ற நெறியின்படி கருவியை நம்பினவர். நம்பியது குற்றமன்று; சான்று மூன்றிருக்க ஒன்றிலே நின்றதே குற்றம் என்பது எம் கருத்து. அதுவும் இருளிற் சில நொடிக்குள் நிகழ்ந்தது. திண்ணையிலிருந்து வாதிக்கும் நாமே சான்றுகளை ஒப்பிடப் பன்னாள் கொள்கின்றோம் அல்லமோ? பழி முழுதையும் அவர்மேற் சுமத்துதல் முறையன்று.

பழுதுற்ற கருவியைத் தாள்கொண்டு மூடிவிடுதலும் வலவர் பயிற்சியில் ஒன்று. பொய்யென்று தெளிந்த பின்னும் பழகிய கண் அதனிடமே செல்லுமாம்.