யாருடைய முரட்டுத்தனம்?

ஹஜ்ஜுப் பெருநாளை அண்டிய நாட்களில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் உழ்ஹிய்யா மாடுகள் கொண்டுவரப்படும் காட்சியைக் காணாதவர் நம்மில் எவருமிலர். வெளியிற் பட்டியோடு திரிந்த காளையைத் தனியே பிரித்து, லொறியில் ஏற்றி, மதில்களுக்கிடையே இறக்குகிறோம். முன்னால் இருவர் கயிற்றை இழுக்கின்றனர். பின்னால் ஒருவர் வாலை முறுக்குகிறார். சுற்றிலும் சிறுவர்களின் ஆரவாரம். மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது, எதிர்ப்பட்டவர் காயமடைகிறார். 'முரட்டு மாடு' என்று தீர்ப்புக் கூறிவிட்டு நாம் அமைதியடைகிறோம். இத்தீர்ப்பு நியாயமானதா?

விலங்கின் உள்ளத்தைப் பற்றிய வினா பழையது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் விலங்குகளை யந்திரங்களுக்கு ஒப்பிட்டார். 1789இல் வெளிவந்த நூலொன்றில் ஆங்கில அறிஞர் பெந்தாம், விலங்கின் பகுத்தறிவை அளப்பதை விட்டு அதன் வேதனையைக் கணக்கிலெடுக்குமாறு வாதாடினார். 2012இல் கேம்பிரிட்ஜிற் கூடிய விஞ்ஞானிகள், பாலூட்டிகளிடமும் பறவைகளிடமும் நனவுக்கு வேண்டிய நரம்பமைப்பு உண்டெனப் பிரகடனம் செய்தனர். மாட்டுக்கு அச்சம் உண்டா என்பது இனி வினாவன்று. அவ்வச்சத்தை அறிந்த நமது கடமை யாது என்பதே வினா.

மாட்டின் கண்கள் தலையின் இரு மருங்கிலும் அமைந்தவை. திரும்பாமலே 300 பாகைக்கும் அதிகமாகக் காணவல்ல அது, தன் வாலுக்கு நேர்பின்னே நிற்பவனைக் காணாது. ஆகவே அங்கிருந்து திடீரெனத் தொடுபவனை உதைக்கிறது. தரையில் விழும் நிழலும் கொடியில் அசையும் துணியும் அதைத் தயங்கி நிற்கச் செய்யும். கூட்டத்தினின்று தனித்து விடப்படுவதோ அதற்குப் பேரச்சம். தன்னைச் சுற்றி ஓர் எல்லையை ஒவ்வொரு மாடும் பேணுகிறது. அவ்வெல்லையின் விளிம்பில், தோளுக்குச் சற்றுப் பின்பக்கமாக ஒருவன் நகர்ந்தால் மாடு முன்னே நடக்கும். எல்லைக்குள் நெருக்கினால் ஓடும், வழியின்றேல் எதிர்க்கும். நிழலையும் இரைச்சலையும் வழியையும் சீர்செய்தால் அடியின்றியே மாடுகள் நடக்கும் என்பதை அமெரிக்க விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின் செய்து காட்டினார்.

இவ்வறிவு நமக்கு முற்றிலும் புதியதன்று. மாடுகளையும் எருமைகளையும் வளையமாக நடத்திச் சூடு மிதித்த காலத்தில், எம்மாடு எதற்கு மிரளும் என்பதைப் பட்டிக்காரன் அறிந்திருந்தான். பட்டி போடியாருக்குச் சொந்தம். பட்டியைப் பற்றிய அறிவோ அந்த ஏழைக்குச் சொந்தம். உழவு யந்திரம் வந்தபின் அவனுடைய வேலை சுருங்கியது. எழுதப்படாத அவ்வறிவையும் நாம் இழந்து வருகிறோம்.

இங்கே கடினமான கேள்வியொன்று எழுகிறது. மாட்டின் அச்சத்தை அறிந்து, அதை அமைதியாக அறுப்பிடத்துக்கு நடத்திச் செல்வது கருணையா, தந்திரமா? கிராண்டினின் முறைகள் பெரும் இறைச்சிக் கம்பனிகளுக்கும் இலாபம் தந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயின் அறியாமையும் மாட்டைக் காப்பாற்றுவதில்லை. சாவுக்கு முன் வதையைக் கூட்டுவதொன்றே அதன் பயன். அறிவைக் கொண்டு மாட்டை மட்டும் நமக்கேற்ப வளைத்தால் அது தந்திரம். அவ்வறிவுக்கேற்ப நமது அவசரத்தையும் வேடிக்கையையும் சிக்கனத்தையும் விட்டுக்கொடுத்தால் அது அறம். அறுப்பவர் கத்தியைக் கூராக்கிக்கொள்ள வேண்டும், பிராணியின் துன்பத்தைத் தணிக்க வேண்டும் என்ற நபிகள் நாயகத்தின் போதனை மனிதனுக்கு இடப்பட்ட கட்டளையேயன்றி மாட்டுக்கு இடப்பட்டதன்று.

மனிதனுக்குச் செய்யும் நீதியும் இதில் அடங்கியுள்ளது. ஒரு மாட்டில் ஏழு பேர் பங்குகொள்ளலாம். கயிற்றைப் பிடிக்கும் கூலியாள் பெரும்பாலும் அவ்வெழுவரில் ஒருவரல்லர். கொம்பு முதலிற் பாய்வதோ அவர்மீதுதான். மிரண்ட மாடும் கூலிக்கு வந்த மனிதனும் நமது கவனக்குறைவின் விலையைச் சேர்ந்தே செலுத்துகின்றனர்.

செய்யவேண்டியவை அரியனவல்ல. மாட்டை முதல்நாளே கொண்டுவந்து நிழலும் நீரும் தரலாம், துணைமாட்டோடு கட்டலாம், கூட்டத்தை விலக்கலாம், கத்தியை அதன் கண்ணுக்கு மறைக்கலாம், கயிற்றைப் பழகிய கைக்கு உரிய கூலியோடு ஒப்படைக்கலாம். இவற்றைச் செய்த பின்னரும் ஒரு காளை மிரளுமாயின், அப்போது அதன் முரட்டுத்தனத்தைப் பற்றிப் பேசுவோம். அதுவரை அச்சொல்லை மாட்டின்மீது சுமத்த நமக்கு உரிமையில்லை.