வெற்றியும் வாக்குறுதியும்

கடலாதிக்கமே நாடுகளின் உயர்வை நிர்ணயிக்கிறது என்று அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மஹான் 1890-இல் எழுதினார். கடற்படைக் கல்லூரிகள் பலவற்றில் அந்நூல் பாடமாயிற்று. ஆனால், வென்றவன் எவ்வாறு வென்றான் என்று ஆராயும் கல்வி, வென்ற முறை நேர்மையானதா என்றும் கேட்க வேண்டாமா?

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர், தம்முடைய 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டின்றிச் சென்ற மரக்கலங்களைக் கைப்பற்றினர். அவர்களை எதிர்த்துப் போரிட்ட நான்காம் குஞ்ஞாலி மரைக்காயர், உயிருக்குத் தீங்கில்லை என்ற வாக்கை நம்பி 1600-இல் சரணடைந்தார். கோவாவில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். போர்த்தந்திர ஏட்டில் இது வெற்றி. அமானிதத்தின் தராசிலோ பெருந்தோல்வி!

கடலை மனித குலம் முழுமைக்கும் வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ். ஆகவே, கடல் வரலாறு கற்கும் நம் பிள்ளைகள் மூழ்கிய கப்பல்களை மட்டுமன்றி, முறிந்த வாக்குகளையும் எண்ணிப் பார்க்கட்டும்.