தண்டியடிகள் கட்டிய கயிறு

சைவ மக்களின் வாழ்வு ஆலயத்தை நடுவாகக் கொண்டு அமைந்தது. பிறந்த பிள்ளைக்கு முப்பத்தொன்று கழிந்ததும் தாய் தூக்கிச் செல்வது கோயிலுக்கே. மணமக்கள் சேர்ந்து வணங்கச் செல்வதும் அங்கேதான். அத்தகைய இடத்துக்கு ஒருவர் வர விரும்பியும் வாயிற்படி அவரைத் தடுக்குமாயின், அது அவருடைய குறையா, கட்டடத்தின் குறையா? நாயன்மார் அறுபத்துமூவருள் ஒருவரான தண்டியடிகளின் வரலாறு இதற்கு விடை தருகின்றது.

திருவாரூரிலே பிறவியிலேயே கண்பார்வை இன்றி வாழ்ந்தவர் தண்டியடிகள். திருக்கோயிலை வலம்வருவதும் திருவைந்தெழுத்தை ஓதுவதும் அவருடைய நாளாந்தக் கடமைகள். கோயிலின் மேற்குப் பக்கத்துத் திருக்குளம் தூர்ந்து குறுகிவருவதை அறிந்து, அதனைத் தாமே தோண்டிப் பெருப்பிக்க எண்ணினார். கண் தெரியாதவர் குளத்தினுள் இறங்கி மண்ணை வெட்டி, கரைக்குச் சுமந்துவந்து கொட்டுவது எப்படி? குளத்தின் நடுவே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிற்றைக் கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவித் தடவி இறங்கினார். மண் நிறைந்த கூடையோடு அதனைத் தடவியே ஏறினார். எள்ளி நகையாடியவர்கள் இருந்தனர். தறியையும் கயிற்றையும் பறித்தவர்களும் இருந்தனர். ஈற்றிலே இறைவன் அருளால் அவர் பார்வை பெற்றார்.

பிரசங்கங்களிலே அவர் கண் பெற்ற அற்புதமே பெரும்பாலும் விரித்துச் சொல்லப்படுகின்றது. கயிறு இரண்டு சொல்லில் முடிந்துவிடும். ஆனால் தொண்டு தொடங்கி நடந்தது பார்வை வருவதற்கு முன்னரே. கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஓர் ஆளை அவர் வைத்துக்கொள்ளவில்லை. தாமாகவே போய்வரக்கூடிய வழியைத்தான் அமைத்துக்கொண்டார்.

சுந்தரமூர்த்தி நாயனார் பார்வை இழந்து வருந்தியபோதும் இறைவன் உடனே கண்ணைக் கொடுத்துவிடவில்லை. திருவெண்பாக்கத்தில் முதலிற் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். அதனை ஊன்றி நடந்து சென்ற பின்னரே காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. திருப்புன்கூரிலே வெளியே நின்ற திருநாளைப்போவார் தரிசிப்பதற்காக நந்தியை விலகச் செய்தான் எம்பெருமான். (அவரை வெளியே நிறுத்தியது யார் என்பதும் மறக்கத்தக்கதன்று.) அடியார் ஒருவருக்காகக் கல் நந்தி விலகிய சமயத்திலே, சீமெந்துப் படி விலகக்கூடாதென்று வாதிப்பது பொருந்தாது.

வடக்கிலும் கிழக்கிலும் போரினால் காலிழந்தோர், முள்ளந்தண்டில் காயமுற்றோர், பார்வை இழந்தோர் இல்லாத கிராமம் அரிது. முழங்கால் வருத்தத்தால் படியேற முடியாத முதியோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திருவிழாக் காலத்தில் நான்கு இளைஞர்கள் நாற்காலியோடு ஒருவரைத் தூக்கி உள்ளே வைப்பதைக் காணலாம். அவர்களுடைய அன்பிற் குறையில்லை. எனினும் தூக்கப்படுபவரின் மனம் எப்படியிருக்கும்? ஊர் பார்க்கத் தூக்கப்படுவதற்குக் கூசி, வீட்டுப் படலையடியில் நின்று தேர்த் தரிசனத்தோடு அமைபவர் பலர். வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தூக்க ஆளும் இருக்காது.

ஆகமம் இதற்கு இடங்கொடுக்குமா என்று சிலர் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். சாய்தளம் அமைவது கருவறையிலோ அர்த்த மண்டபத்திலோ அன்று. வெளிப்புறத்துப் பக்க வாயிலில். எங்கே அமைப்பதென்பதைக் குருக்களிடமும் ஸ்தபதியாரிடமும் கேட்டுத் தீர்மானிக்கலாம். திருப்பணிக்காக வேலைகள் நடக்கும் காலமே இதற்கு வாய்ப்பான காலம். வீதியில் உருண்ட சக்கரம் உள்ளே வரலாமா என்ற தயக்கத்துக்கும் வழியுண்டு. கோயிலுக்கென ஒரு சக்கர நாற்காலியை வாங்கி உள்ளேயே வைத்திருக்கலாம். வருபவர் வாயிலில் மாறி அமரலாம். செயற்கைக் காலைப் பாதரட்சையோடு ஒப்பிடுவது அறியாமை. ஜெய்ப்பூர்க் கால், சப்பாத்து அணியாமலே நடப்பதற்காக உருவாக்கப்பட்டது. கழுவிக்கொண்டு உள்ளே வரலாம்.

சாய்தளம் என்ற பெயரில் செங்குத்தாகச் சீமெந்தைப் பூசிவிட்டாற் போதாது. 1 அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். 6 அங்குலப் படிகள் மூன்று இருக்குமாயின் 18 அடி. இரு புறமும் கைபிடி வேண்டும். வெளிவீதி மணலிலே சக்கரம் புதையும். ஆதலால் ஓரமாக ஒடுங்கிய கல்நிரை பதித்தால் வலம்வரவும் முடியும். அண்மைக்காலத்தில் கோயில்களில் பதிக்கப்படும் பளபளப்பான ரைல்ஸில் எண்ணெயும் நீரும் சிந்தினால் நல்ல காலுள்ளவரும் விழுவர். ஊன்றுகோலோடு வருபவர் நிலை சொல்லவேண்டியதில்லை. அன்னதான மடத்தில் பந்திக்கு அருகே ஒரு வாங்கும் மேசையும், கைபிடியுள்ள ஒரு மலசலகூடமும் பெருஞ்செலவானவை அல்ல. கந்தபுராணப் படிப்பின்போது செவிப்புலன் குறைந்தவரின் கையில் நூலைக் கொடுத்து, படிக்கும் இடத்தைக் காட்டிவிடலாம். ரியூப் லைற்றுக்கும் மணிக்கும் உபயகாரர் பெயர் எழுதிக் கொடுக்கிறார்கள். சாய்தளத்துக்கு உபயகாரர் எளிதிற் கிடைப்பதில்லை; பெயர் எழுதினால் மிதிபடும் என்ற கவலையோ தெரியவில்லை.

நாட்டின் சட்டமும் இதனையே சொல்கின்றது. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லும் இடங்களுக்கு அவர்கள் செல்வதைத் தடுக்கலாகாது என்கின்றது. கட்டடங்கள் எப்படி அமையவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளிவந்தன. 2011இல் உயர் நீதிமன்றமும் அவற்றை வலியுறுத்தியது. கிராமத்துச் சனசமூக நிலையம், முன்பள்ளி, கலியாண மண்டபம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் தண்டியடிகளைக் குருபூசை செய்து வணங்கும் ஓர் ஆலயம் வர்த்தமானியைப் பார்த்துத்தான் தொடங்கவேண்டும் என்பதில்லை.

தறியை எங்கே நடுவதென்று தண்டியடிகள் தாமே தீர்மானித்தார். அவ்வாறே, சீமெந்து ஊற்றுவதற்கு முன்னர் பலகையைச் சாய்த்து வைத்து, ஊரில் சக்கர நாற்காலியில் இருப்பவரை அழைத்து ஏறிப்பார்க்கும்படி கேட்பது நல்லது. திரும்புவதற்கு இடம் போதுமா, கைபிடி எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்பவற்றை அவரே சொல்வார். வீதியைச் சுற்றிக் கயிறு கட்டுவதாயின், பார்வையற்றவர் ஒருவரை முதலில் நடக்கவிட்டு, அவர் கை போகும் உயரத்திற் கட்டலாம்.