நின்ற இடமும் நம் மொழியும்

ஜெனீவாவில் ஒரு விடுதி அறை. இரவு பத்து மணி. மறுநாள் ஊர் திரும்பும் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட வேண்டியிருந்தது. விமானக் கம்பெனியின் இணையதளத்தைக் கைபேசியில் திறந்தேன். சென்னையில் என்னிடம் ஆங்கிலம் பேசிய அதே தளம், இங்கே ஜெர்மன் பேசியது. தட்டுத்தடுமாறிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அங்கே இரண்டு பொத்தான்கள். ஒன்று தேதியை மாற்றும், மற்றொன்று பயணச்சீட்டையே ரத்துச் செய்துவிடும் என்று ஊகிக்க முடிந்தது. எது எது என்றுதான் விளங்கவில்லை.

கீழே இறங்கிப்போய் வரவேற்பு மேஜையில் இருந்த பெண்மணியிடம் கைபேசியை நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எனக்கும் இப்படி நேர்வதுண்டு. நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். வீட்டிலும் வெளியிலும் பிரெஞ்சுதான். ஆனாலும் சில தளங்கள் என்னிடம் ஜெர்மன்தான் பேசுகின்றன" என்றார். பள்ளியில் படித்த ஜெர்மனைக் கொண்டு, சரியான பொத்தானையும் அவரே காட்டினார்.

அறைக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சிரிப்பு மனத்தை விட்டு அகலவில்லை. அயலூரான் எனக்கு நேர்ந்தது இருக்கட்டும். சொந்த ஊரில் இருப்பவருக்கே ஏன் இந்தக் கதி?

காரணம் எளியது. இணையத்தில் சேரும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் முகவரி உண்டு. அந்த எண் எந்த நாட்டினுடையது என்று அட்டவணையில் பார்த்து, அந்த நாட்டுக்கென்று குறித்து வைத்த மொழியைச் சில தளங்கள் எடுத்து நீட்டுகின்றன. சுவிட்சர்லாந்துக்கு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி, ரோமாஞ்சு என்று நான்கு தேசிய மொழிகள். பெரும்பான்மை ஜெர்மன்; ஆகவே எல்லோருக்கும் ஜெர்மன்! நாட்டை வைத்து மனிதனை அளந்தால் நாட்டையும் தவறாக அளக்கிறோம், மனிதனையும் தவறாக அளக்கிறோம்.

ஊகிக்காமல் வேறு என்ன செய்வது என்று கேட்கலாம். ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. நாம் ஒரு பக்கத்தைக் கேட்கும்போதே, நமக்கு எந்த மொழி முதலில் வேண்டும், அது இல்லாவிட்டால் அடுத்து எது என்று உலாவி தானாகவே சொல்லிவிடுகிறது. விருப்பத்தின் அளவைக்கூட 1, 0.8, 0.5 என்று எண்ணிட்டுச் சொல்லும் முறை, 1997-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகளிலேயே இருக்கிறது. வாசலில் வந்து நிற்பவன் வாய்விட்டுச் சொல்கிறான். வீட்டுக்காரர் அவன் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்து முடிவு செய்கிறார்.

வேற்றூருக்குப் போனால் அவ்வூர் மொழியை ஏற்பதுதானே பண்பு? தெருவிலும் கடையிலும் அது நியாயந்தான். காய்கறி விற்கும் அம்மாளுக்கு என் மொழி தெரியாது; தெரியாததைக் கேட்பது அழகல்ல. ஆனால் அந்தத் தளம் அப்படியா? அதற்கு ஆங்கிலம் தெரியும். எனக்கு வேண்டியது ஆங்கிலம் என்பதும் அதற்குச் சொல்லப்பட்டிருந்தது. தெரியாமல் பேசாதிருப்பது இயலாமை. தெரிந்தும் கேட்டும் பேசாதிருப்பது அலட்சியம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

இப்படி நீதிபதியாக அமர்ந்து தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தவன், ஏதோ தோன்றி என் கைபேசியின் மொழி அமைப்பைத் திறந்து பார்த்தேன். முதல் மொழி: ஆங்கிலம், அதுவும் அமெரிக்க ஆங்கிலம். இரண்டாம் மொழி என்று எதுவும் இல்லை.

வாங்கிய நாளில் இருந்தபடியே அது இருந்தது. தமிழில் எழுதியே பிழைப்பவன் நான். ஆண்டுக்கணக்காக உலகத்தின் வாசல்களில் எல்லாம் நின்று, "எனக்குத் தமிழ் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். என்னைக் கேட்காமல் தீர்மானித்த அந்தத் தளத்தின்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் திரும்பியது.

தமிழை முதலில் வைத்தேன். ஆங்கிலத்தை அடுத்து வைத்தேன். மறுநாள் காலையில் பல தளங்கள் முன்போலவே ஆங்கிலத்தில்தான் திறந்தன. அவற்றில் தமிழ்ப் பக்கம் இல்லை. இல்லாததைக் கொடுக்க அவற்றால் முடியாது. ஆனால் கேட்க ஓர் ஆள் இருக்கிறான் என்பதை இனியாவது நான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாமா?